செலவு போகப் பங்கு

கம்பெனி டைரக்டர் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே எங்கள் பாகூர்ப் பக்கத்தில் இப்போது பெண்கள் நடத்தும் கம்பெனிகள் பெருகிவிட்டன. ஊறுகாய்க்கு ஒன்று, தேங்காய் நாருக்கு ஒன்று, எங்கள் பனித்திட்டில் கருவாட்டுக்கு ஒன்று. கருவாட்டுக் கம்பெனிக்கு நான் தலைவியாக இருந்தேன். விரும்பித்தான் இருந்தேன், யாரும் வற்புறுத்தவில்லை. எனக்கு என் பெயரை எழுத வரும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அதற்கு மேல் படிப்பு தேவைப்பட்டபோது படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டோம். இதையும் நான் சொல்லச் சொல்ல ஆபீஸ் பெண் ஒருத்திதான் எழுதுகிறாள். அழகு பண்ணாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தம் எதுவானாலும் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டும். படிக்கிறவர் எந்த இடத்தில் வேகமாகப் போகிறாரோ அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொல்வேன். இது பெரிய சாமர்த்தியம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்களைக் கவிழ்த்த வரி மெதுவாகத்தான் படிக்கப்பட்டது. நிறுத்தி, நிதானமாக, கேட்கவே இதமாக. நானும் தலையை ஆட்டினேன்.

விஷயம் இதுதான். நாங்கள் கருவாட்டை மணலில் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மண் ஒட்டும், நாய் வரும், மழை வந்தால் எல்லாம் போகும். வியாபாரி வந்து மூக்கைச் சுளித்துவிட்டு அவன் சொல்வதுதான் விலை. வில்லியனூரில் இரண்டு பையன்கள் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்தார்கள். அவர்கள் கருவாட்டை உலர்த்த ஒரு கூண்டு கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு அறை அளவு இருக்கும். மேலே வெயிலை வாங்கும் கூரை, உள்ளே தட்டுகள், பக்கத்தில் காற்றாடி, வெயில் இல்லாத நாளைக்கு ஒரு ஹீட்டர். கூண்டை யார் வேண்டுமானாலும் தகரம் வாங்கிக் கட்டிவிடலாம். உள்ளே காற்று எப்போது எப்படி ஓட வேண்டும், மீன் எவ்வளவு உப்பில் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்கிற வித்தை அவர்களுடையது. அந்த வித்தையைப் பயன்படுத்த எங்கள் கம்பெனி அவர்கள் கம்பெனிக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு லைசென்ஸ் என்று பெயர்.

இரண்டு பேரில் ஒருவர் பிரகாஷ். பேசுவது அவர். இன்னொருவர் ஆரோக்கியம். செய்வது அவர். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஷெட்டில்தான் எங்கள் ஆபீஸ். அங்கே வந்து உட்கார்ந்து பிரகாஷ் லேப்டாப்பைத் திறந்தார். ஆரோக்கியம் எழுந்து போய் ஜன்னலில் கையை நீட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு விதமா செய்யலாம்மா,” என்றார் பிரகாஷ். “ஒரே தொகையா மொத்தமா குடுத்துடலாம். இல்லன்னா விக்க விக்க ராயல்டி. எங்களுக்கு மொத்தமா வாங்கிக்கறதுதான் சௌகரியம். ஒரே தடவை. அதுக்கப்புறம் உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல.”

எங்கள் பொருளாளர் தனம் என் இடுப்பில் இடித்தாள். “மொத்தமாவே முடிச்சுடலாம்க்கா. மெஷினு மாதிரி ஒரே தடவ வாங்கற பொருளுன்னா சர்க்கார் மானியத்துல போட்டுக்கலாமாம். மாசா மாசம் குடுக்கறதுன்னா மானியம் கெடயாது. பக்கத்து ஊர் செண்பகம் அப்படித்தான் முடிச்சிருக்கா.”

தனம் சொன்னதில் தப்பில்லை. இப்படித்தான் பல கம்பெனிகள் முடிவெடுக்கின்றன. எது நல்லது என்று பார்ப்பதில்லை, எதற்கு மானியம் வரும் என்று பார்க்கின்றன. என் காதில் விழுந்ததோ பிரகாஷ் கடைசியாகச் சொன்னது.

“ஒண்ணும் இல்லன்னா, மழ வந்தா?” என்று கேட்டேன்.

“ஹீட்டர் இருக்கும்மா.”

“ஹீட்டர் இருக்கும். நீங்க இருப்பீங்களா?”

ஜன்னலில் நின்ற ஆரோக்கியம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிரகாஷ் சிரிக்கவில்லை.

எங்கள் கரையில் வலையைக் கடலுக்குக் கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. வாடகைக்குக் கொடுத்தவன் வாடகையை வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருப்பான். பங்குக்குக் கொடுத்தவன் படகு வருவதற்கு முன்னாலேயே கரையில் நிற்பான். வலை கிழிந்தால் அவனே உட்கார்ந்து பின்னுவான். எனக்கு இந்த ஆள் கரையில் நிற்க வேண்டும். அதனால் பங்குதான் என்று சொல்லிவிட்டேன். கூடவே இன்னொரு முடிவுக்கும் வந்தேன். மொத்தமாகக் கேட்கிறவனுக்குத் தன் சரக்கின் மேல் நம்பிக்கை இல்லை, அதனால்தான் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறான் என்று. அதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பட்டறையைப் பெரிதாக்க உடனே பணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கூண்டின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை நிறையவே இருந்தது. எடுத்த முடிவு சரி, அதற்குச் சொன்ன காரணம் தவறு. உங்களுக்கும் இப்படி நடக்கும். முடிவு சரியாக வந்துவிட்டால் காரணத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அதனால் நாம் அதையே அடுத்த இடத்திலும் போய்ச் சொல்வோம்.

பங்கு என்றதும் பிரகாஷ் கொஞ்சம் யோசித்து, “சரிம்மா, உங்களுக்குப் பாரமா இருக்க வேணாம். வித்த பணத்துல செலவு போக மிச்சத்துல நாலுல ஒரு பங்கு,” என்றார். எங்கள் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். படகில் அப்படித்தான். முதலில் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பங்கு வைப்போம். படித்த பிள்ளைக்குக் கூட நம் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று தனம் பூரித்துப் போனாள்.

பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் புதுச்சேரி டவுனில் இருந்தார். மதாம் என்றுதான் கூப்பிடுவோம். ஒப்பந்தத்தை அவரிடம் கொண்டுபோனோம். படித்துக் காட்டினார். அந்த வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்தச் செலவுன்னு எழுதலையே.”

“எங்க கரையிலே எழுதி வச்சா மதாம் பங்கு பிரிக்கிறோம்? செலவுன்னா செலவுதான்.”

“கரையிலே எல்லாரும் ஒரே கரையிலே நிக்கிறீங்க. இங்க அவங்க வில்லியனூர், நீங்க பனித்திட்டு.”

“தூரம் ஒண்ணும் அதிகமில்ல,” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். தன் பேச்சை ஒரு தடவைக்கு மேல் யாருக்கும் கொடுக்கிறவர் இல்லை அவர்.

கூண்டு வந்தது. முதல் வெயில் காலம் அருமையாகப் போனது. ஆரோக்கியம் வாரா வாரம் பைக்கில் வந்துவிடுவார். கதவைத் திறந்து கையை உள்ளே விடுவார், ஒரு கருவாட்டை எடுத்து ஒடித்து முகர்வார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று பெண்களைத் திட்டுவார். “மருமவன் வந்துட்டாருடி, முந்தானைய சரி பண்ணு” என்று கிண்டல் செய்தபடி அவருக்கு டீ கொடுப்பார்கள்.

அந்த டீயும் செலவில்தான் சேர்ந்தது.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. படகில் என்னவெல்லாம் கழிப்போம்? டீசல், ஐஸ். அதோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு டீ, பன், பீடி. ஊர்க் கோயிலுக்கு ஒதுக்குவது. இவையெல்லாம் போனபின் மிச்சம்தான் பங்கு. தனம் அதே முறையில் கணக்கு எழுத வைத்தாள். உப்பு, கரண்ட், பாக்கெட். பெண்களுக்கு டீ, வடை. கோயிலுக்கு. மாதா கோயில் தேர் வந்தபோது அதற்கும், பாரபட்சம் கூடாதல்லவா. சுதந்திர தினத்தில் கொடி ஏற்றியபோது மிட்டாய். கூண்டைப் பார்க்க வந்த அதிகாரிக்குச் சால்வை. அதைப் படம் எடுத்தவருக்குக் கூலி. எல்லாம் உண்மையான செலவு. ஒரு ரசீது பொய் கிடையாது. எல்லாம் போக மிச்சம் என்று பார்த்தால், ஆரோக்கியம் கம்பெனிக்குக் கொடுக்க ஒன்றும் தேறவில்லை.

பிரகாஷ் வந்து கணக்கைப் பார்த்தார். சால்வையில் விரலை வைத்தார்.

“சால்வைக்கும் நெத்திலிக்கும் இன்னா சம்பந்தம்மா?”

“சால்வ போடலன்னா கரண்டு வந்திருக்குமா?” என்றாள் தனம்.

“வடை?”

“பட்டினியா கருவாடு போடச் சொல்றியா தம்பி? உங்க ஆபீசுல காப்பி குடிக்க மாட்டீங்க?”

அவர் கணக்கு நோட்டை மூடிவிட்டார். அந்த வரியைச் சொன்னவரே அவர்தான். அவர் போனதும் தனம், அவர் வாயாலேயே அவரைக் கட்டிவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். நன்றாகப் பேரம் பேசினோம் என்று நினைக்கிற நாளில் மனசு எவ்வளவு லேசாக இருக்கும் தெரியுமா? அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஆரோக்கியம் வரவில்லை. கோபித்துக்கொண்டு போனாலாவது தெரியும், அவர் கோபிக்கிற ஆள் இல்லை. வாரா வாரம் வந்தவர் மாதம் ஒரு தடவை ஆனார், அப்புறம் அதுவும் இல்லை. திட்ட ஆள் இல்லாததால் எங்களுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கதவை எங்கள் இஷ்டத்துக்குத் திறந்து வைத்தோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சென்னையிலிருந்து ஒரு வியாபாரி முதன்முறையாகப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார், சனிக்கிழமை லாரி வரும். நடுவில் கடல் கொஞ்சம் அடங்கியபோது நெத்திலி குவிந்தது, அதை வாங்கிக் கூண்டில் போட்டிருந்தோம். காற்றாடி ஓடியது, ஹீட்டர் எரிந்தது, நெத்திலி காயவில்லை. தொட்டால் பிசுபிசு என்றது. ஓரத் தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. அந்த லாரி காலியாகத் திரும்பினால் சென்னை வியாபாரி போய்விடுவார். அவர் போனால் கூண்டை ஓட்டுகிற செலவு கட்டாது, கூண்டை மூட வேண்டியதுதான். மறுபடி மணல், நாய், மூக்கைச் சுளிக்கிற பழைய வியாபாரி. ஷெட்டில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அது தெரியும்.

பிரகாஷுக்கு போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். “அக்ரிமென்ட்ல சர்வீஸ்னு ஒண்ணு இல்லம்மா,” என்றார். உண்மைதான். பங்கு இருக்கிறவன் தானாக வருவான் என்று நம்பித்தானே நாங்கள் அதை எழுதவில்லை.

ஆரோக்கியத்துக்குப் போட்டேன்.

“ஏம்பலத்துல வெல்ல ஆலையில நிக்கிறேன் ஆயா. அடுப்பு வேல. நாள் கூலி பேசி வந்திருக்கேன். முடிச்சுட்டு அடுத்த வாரம் வர்றேன்.”

“அதுக்குள்ள மீனு போயிடும்பா.”

“இன்னா ஆயா பண்றது. உங்க வடை போக எனக்கு இன்னா மிச்சம், சொல்லு.”

திட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன்.

தனம் சொன்னாள், “ஒரு தொகையத் தூக்கிப் போட்டுக் கூப்பிடுக்கா. நாள் கூலிக்கு அங்க போனவன் இங்க வர மாட்டானா?”

வருவார். ஆனால் அப்படி வருகிறவர் இந்த லாரி போகிற அளவுக்குத்தான் பார்ப்பார். அடுத்த மழைக்கு அடுத்த தொகை கேட்பார், அதுதான் நியாயமும். எனக்கு அவர் மழைக்கு முன்னால் வந்து நிற்கிற ஆளாக வேண்டும். அதற்கு ஒரே வழிதான் உண்டு. எங்கள் வடையிலும் சால்வையிலும் அவர் பங்கு கரையாமல் இருக்க வேண்டும்.

“பங்க மாத்தப் போறேன்,” என்றேன். “செலவு கிலவு ஒண்ணும் கழிக்க வேணாம். லாரியில ஏறுற ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்ளோன்னு மொதல்லயே எடுத்து வச்சுடணும்.”

தனம் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஒரு பைசா குடுக்காம இருக்கோம். நீயா போயி, தரேன் தரேன்னு கால்ல வுழப் போறியாக்கா? நாள பின்ன மீட்டிங்குல கேட்டா நான் இன்னா சொல்றது?”

“தலைவி புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லு. ஓட்டுப் போட்டு எறக்குங்க. லாரி போனப்புறம் எறக்குங்க.”

பூஞ்சை பிடித்த நெத்திலியில் ஒரு மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஏம்பலம் போய்ச் சேரும்வரை ஆட்டோக்காரர் வெளியே தலையை நீட்டியபடிதான் ஓட்டினார், மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று. வெல்ல ஆலையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கு நடுவில் போய் மூட்டையைப் பிரித்தேன். பாகு கிளறிக்கொண்டிருந்தவர்கள் துடுப்பைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்கள். முதலாளி மட்டும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, “சீக்கிரம் பேசி அனுப்புப்பா,” என்று ஆரோக்கியத்திடம் கெஞ்சினார்.

ஆரோக்கியம் ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. முகர்ந்தார். கதவு, காற்றாடி, கூரை என்று என்னென்னவோ கேட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் மனசு கூண்டுக்குள் போய்விட்டது எனக்குத் தெரிந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டு சும்மா இழுத்துப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் முதலில் பங்கைப் பேசினேன். ஒருவர் வேலை மேல் வைத்திருக்கிற ஆசையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டால், அது ஒரு தடவைக்குத்தான் நடக்கும்.

“நாலுல ஒண்ணெல்லாம் இல்ல,” என்றேன். “அதவிடக் கொறச்சல்தான். ஆனா எதுவும் கழியாது. வடை எங்களோடது, சால்வ எங்களோடது. ஏறுன கிலோவுக்குக் காசு. கெட்டுப் போச்சுன்னு திரும்பி வந்த கிலோவுக்குக் கெடயாது.”

“எடை போடறது உங்க ஆளுங்கதான ஆயா?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. முதல் தடவையே இதை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

“லாரிக்காரன் போடற எடை. அவன் ஒனக்கும் சொந்தக்காரன் இல்ல, எனக்கும் இல்ல. அவன் குடுக்கற சீட்டுதான் கணக்கு.”

“பிரகாஷக் கேக்கணும்.”

“கேளு. மூட்டையப் பிரிச்சு வச்சுட்டு ஒக்காந்திருக்கேன். இவங்களுக்குத்தான் அவசரம்.”

வெல்ல ஆலை முதலாளியே தன் போனை எடுத்து நீட்டினார்.

அன்றைக்கே ஆரோக்கியம் வந்தார். கூண்டில் என்ன செய்தார் என்பது உங்களுக்கு வேண்டாம், அது அவர் வித்தை. பூஞ்சை பிடித்ததைக் கோழித் தீவனத்துக்குத் தள்ளினோம். மிச்சம் காய்ந்தது. சனிக்கிழமை லாரி பாதி நிறைந்துதான் போனது. சென்னை வியாபாரி முணுமுணுத்தார், ஆனால் அடுத்த லாரியை அனுப்பினார். எடைச்சீட்டைப் பார்த்து அவர்களுக்குப் பணம் போனது. ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத மதாமிடம் போனோம். எதுவும் கேட்காமல் டைப் அடித்தார். அடித்து முடித்துவிட்டு, “வில்லியனூர் தூரம்தான் போல,” என்று மட்டும் சொன்னார்.

இதோடு நிறுத்திவிட்டால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் செண்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மானியத்தில் மொத்தமாகக் கொடுத்து முடித்த பக்கத்து ஊர்க்காரி. அவள் கூண்டிலும் அதே மழையில் அதே பூஞ்சைதான். அவளுக்கு யாரும் வரவில்லை. லாரி போன மறுநாள் எங்கள் ஷெட்டுக்கு வந்தாள். நலம் விசாரித்தாள், டீ குடித்தாள், ஆரோக்கியம் மாற்றி வைத்ததையெல்லாம் போனில் படம் பிடித்தாள்.

“இன்னாடி பண்ற?” என்றாள் தனம்.

“நீங்க காசு குடுங்க, நான் படம் புடிக்கிறேன்,” என்றாள்.

போய் அப்படியே செய்தாள். அவள் கூண்டும் சரியாகிவிட்டது. ஆகவே மொத்தமாகக் கொடுப்பது முட்டாள்தனம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரில் பங்கு கொடுக்கிற ஏமாளி ஒருத்தி இருந்தால், மொத்தமாகக் கொடுப்பதுதான் உத்தமம்.

மீட்டிங்கில் என்னை இறக்கவில்லை. நானாக இறங்கியபோது தனம் தலைவியானாள். அதற்குள் கருவாடு நன்றாக விற்க ஆரம்பித்திருந்தது. கிலோவுக்கு இவ்வளவு என்று போகிற பணமும் ஏறிக்கொண்டே போனது. போன சித்திரையில், வெயில் கொளுத்தியபோது, தனம் பிரகாஷைக் கூப்பிட்டு ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம் என்றாள். ஆரம்பத்தில் மொத்தம்தான் சௌகரியம் என்று சொன்ன அதே பிரகாஷ், “அது எப்படிம்மா, பங்குன்னா ரெண்டு பேருக்கும் ஒரு பிடிப்பு இருக்கும்ல,” என்றாராம். அன்று நான் பேசியதை அவர் பேசிக்கொண்டிருந்தார், அன்று அவர் பேசியதை தனம் பேசிக்கொண்டிருந்தாள். நல்லா ஓடும் என்று தெரிந்த பிறகு கொடுக்கிறவள் மொத்தமாகக் கொடுக்கப் பார்ப்பாள், வாங்குகிறவன் பங்காக வாங்கப் பார்ப்பான். இதில் யார் மேலும் குற்றமில்லை.

தனம் என் வீட்டுக்கு வந்தாள். “நீ ஒரு வார்த்த சொன்னா அந்தப் பையன் கேப்பான்க்கா. இப்ப கூண்டு நல்லாத்தான ஓடுது? அவன் எதுக்கு இனிமே?”

“பேசு,” என்றேன். “ஆனா சித்திரையில பேசாத. ஐப்பசியில மீட்டிங்கு போடு.”

“அதென்ன ஐப்பசி கணக்கு?”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாசம் மட்டும் தெரியும்.”

அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்திப்போட்டாள். ஐப்பசி வந்தது. முதல் மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்த காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியத்தின் பைக் என் வீட்டைத் தாண்டி ஷெட்டுப் பக்கம் போனது. இன்னும் ஒரு துளி விழவில்லை. யாரும் போன் போடவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மீட்டிங்குக்கு இன்னும் தேதி வைக்கவில்லை என்று தனம் சொல்கிறாள். கொஞ்சம் வேலை அதிகமாம்.